ஓய்வெடுத்தும் தீராத களைப்பு: சிஎஃப்எஸ் நோய்க்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் திங்கட்கிழமை எல்லாருக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து சூடாக ரசம் சாதம் சாப்பிட்டால் உடம்பு வழிக்கு வந்துவிடும். சிலருக்கு அப்படி வருவதில்லை. திங்கட்கிழமை சுமாராக நடமாடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழவே முடியாது. தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டியதுபோல் இருக்கும், பல் தேய்க்கக் கையைத் தூக்கினால் கை நடுங்கும், அடுத்த அறை டிவி சத்தம் மண்டைக்குள் இடிக்கும். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். காய்ச்சல் இருக்காது, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும், அப்புறம் தனக்கே தன்மேல் சந்தேகம் வரும்.

செய்த வேலைக்குப் பொருத்தமே இல்லாமல், அதுவும் ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து விழுகிற இந்தச் சரிவுதான் க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், சுருக்கமாக சிஎஃப்எஸ், என்கிற நோயின் முக்கியமான அடையாளம். இதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால், டாக்டரிடம் என்ன சொல்வது, வீட்டில் எதை மாற்றுவது, யாருடைய அறிவுரையை ஒதுக்குவது என்று மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். என் தங்கைக்கு இந்த நோய் இருக்கிறது. தொடக்கத்தில் எங்களுக்கு யாராவது இப்படி வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இது டாக்டருக்கு மாற்று இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும், போய்வந்த பின்னும் செய்ய வேண்டியவை.

என்ன நோய் இது

இதற்கு இரண்டு பெயர்கள் புழக்கத்தில் உள்ளன. 1955-ல் லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் ஏறக்குறைய 300 பேர் ஒரே சமயத்தில் விளங்காத ஒரு நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. அதையொட்டி வந்த பெயர் மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ், சுருக்கமாக எம்இ. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இன்க்லைன் வில்லேஜ் என்ற சிற்றூரில் இதேபோல் பலர் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1988-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வைத்த பெயர் க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், அதாவது சிஎஃப்எஸ். இப்போது இரண்டையும் சேர்த்து எம்இ/சிஎஃப்எஸ் என்று எழுதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1969 முதலே இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும் என்று நினைக்கிறேன்.

பலருக்கு ஒரு தொற்றுக்குப் பிறகே இது ஆரம்பிக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும், கழுத்தில் நெறி கட்டும் கிளாண்டுலார் ஃபீவர் என்ற காய்ச்சல் நெடுநாளாகத் தெரிந்த காரணம். கோவிட் வந்துபோன பிறகு களைப்பு தீராமல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த நோயின் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. நம் பக்கத்தில் டெங்கு, சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் உடம்பு தேறாதவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எல்லாருக்கும் சிஎஃப்எஸ் என்று சொல்ல முடியாது, பெரும்பாலானவர்கள் மெல்லத் தேறிவிடுவார்கள். ஆனால் "அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நான் பழைய ஆளே இல்லை" என்று ஒருவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2021, 2022 ஆண்டுகளில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 1.3 சதவீதம் பேர் தங்களுக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். குழந்தைகளுக்கும் வரும். நோயின் மூலகாரணம் இன்னும் பிடிபடவில்லை. நோய் எதிர்ப்பு மண்டலம், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாக நடத்தும் நரம்புகள், உடம்பு சக்தி உண்டாக்கும் விதம் ஆகியவற்றில் கோளாறு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2025-ல் பிரிட்டனில் டிகோட்எம்இ என்ற ஆய்வு 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, இந்த நோயோடு தொடர்புள்ளவை என்று எட்டு இடங்களைக் குறித்திருக்கிறது. மருந்து வர இன்னும் தூரம் உண்டு, ஆனால் பாதை திறந்திருக்கிறது.

முதல் படி: நான்கு கேள்விகள்

2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ அறிஞர் அமைப்பு வகுத்த இலக்கணம் புதியவர்களுக்கு எளிதானது. அதை நான்கு கேள்விகளாக நான் இப்படிக் கேட்பேன்.

ஒன்று, முன்பு செய்த வேலைகளை இப்போது செய்ய முடியாமல் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறதா? களைப்பு பிறந்ததிலிருந்தே இருப்பது இல்லை, ஒரு கட்டத்தில் புதிதாக வந்தது, ஓய்வெடுத்தால் தீருவதும் இல்லை என்றால் இதற்குப் பதில் ஆம்.

இரண்டாவதுதான் மிக முக்கியம்: உழைப்புக்குப் பின் சரிவு. நோயாளிகள் இதைக் கிராஷ் என்பார்கள். சாதாரண களைப்புக்கும் இதற்கும் மூன்று வித்தியாசங்கள். இது தாமதமாக வரும், பல பேருக்கு 12 முதல் 48 மணி நேரம் கழித்து. செய்த காரியத்தின் அளவுக்கும் இதன் அளவுக்கும் சம்பந்தம் இருக்காது. தலைக்குக் குளித்ததற்கோ, வங்கியில் வரிசையில் நின்றதற்கோ மூன்று நாள் படுக்கை என்று தண்டனை வரும். அப்புறம், களைப்பு மட்டும் அதிகமாவதில்லை, நோயின் எல்லா அறிகுறிகளும் சேர்ந்து அதிகமாகும். தொண்டை வலி, நெறி, தசை வலி, தலைவலி, தூக்கக் குலைவு, மூளை மந்தம், சத்தமும் வெளிச்சமும் தாங்காமை என்று ஃப்ளூ காய்ச்சல் வரப்போவதுபோல் ஒரு நிலை. உழைப்பு என்றால் உடல் உழைப்பு மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் வருமானவரிக் கணக்குப் பார்ப்பதும், சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போய் அழுதுவிட்டு வருவதும் இதே வேலையைச் செய்யும்.

மூன்று, தூங்கி எழுந்தால் புத்துணர்ச்சி இருக்கிறதா? எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காதவர்போல் எழுவது இந்த நோயின் வழக்கம். இரவெல்லாம் விழித்து விடியும்போது தூங்குவதும் உண்டு.

நான்காவதில் இரண்டு பாதி, ஒன்று இருந்தாலும் போதும். மூளை மந்தம் ஒரு பாதி: குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நினைவில் நிற்காது, பேச்சின் நடுவில் "அது... அந்த... காய் வெட்டுவோமே" என்று கத்திக்கு வார்த்தை கிடைக்காது, படித்த பத்தியையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். இன்னொரு பாதி, நிற்க முடியாமை. நின்றால் படபடப்பு, கிறுகிறுப்பு, கண் இருட்டுவது, பாதம் சிவந்து கருநீலமாவது, படுத்தால் சற்றுத் தேவலை.

முதல் மூன்றும் கண்டிப்பாக இருக்க வேண்டும். நான்காவதில் ஏதாவது ஒரு பாதி இருக்க வேண்டும். அதுவும் பாதி நாட்களுக்குக் குறையாமல், கணிசமான அளவில். மூட்டு வலி, வயிற்றுக் கோளாறு, வாசனை திரவியம் ஒத்துக்கொள்ளாமை போன்றவையும் பலருக்கு உண்டு, ஆனால் அவற்றை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது.

ஆறு மாதம் ஆகட்டும் என்று கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிமுறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இந்த அறிகுறிகள் பெரியவர்களுக்கு ஆறு வாரமும் சிறுவர்களுக்கு நான்கு வாரமும் நீடித்தாலே சந்தேகிக்கலாம், மூன்று மாதத்தில் நோயை உறுதி செய்யலாம். சந்தேகம் வந்த அன்றே உடம்பை விரட்டுவதை நிறுத்துங்கள் என்றும் அது சொல்கிறது. எனக்குப் பிடித்த வரி அது.

இரண்டாம் படி: ஒரு நோட்டு போடுங்கள்

டாக்டரிடம் போய் "ரொம்ப டயர்டா இருக்கு" என்றால் ஒரு சத்து மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு அவர் முன்னால் உட்கார்ந்த பாதிப் பேர் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு வாரத்துக் குறிப்பு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

பெரிய வேலை வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று வரி: என்ன செய்தேன், எப்படித் தூங்கினேன், உடம்பு பத்துக்கு எத்தனை. எழுத முடியாத நாளில் போனில் குரல் பதிவு போதும். என் தங்கையின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"திங்கள்: தலைக்குக் குளிக்கவில்லை. மாலை அத்தை வந்தார், ஒன்றரை மணி நேரம் பேச்சு, சிரிப்பு. உடம்பு 5. செவ்வாய்: பரவாயில்லை, துணி மடித்தேன். உடம்பு 5. புதன்: தொண்டை வலி, கால் இரும்பு மாதிரி. மதியம் வரை கண் திறக்க முடியவில்லை. உடம்பு 1."

நாங்கள் எல்லாரும் துணி மடித்ததைத்தான் குற்றம் சொன்னோம். நோட்டை இரண்டு நாள் பின்னுக்கு வைத்துப் பார்த்தபோதுதான் அத்தையோடு பேசிய பேச்சு கண்ணில் பட்டது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே வரிசை: நீண்ட பேச்சு, நடுவில் ஒரு நாள், அப்புறம் சரிவு. உட்கார்ந்து பேசுவதை நாம் வேலை என்று கணக்கில் வைப்பதே இல்லை. எனவே நோட்டைப் படிக்கும்போது, மோசமான நாளுக்கு முந்தைய நாளோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு நாள் பின்னால் போய்ப் பாருங்கள்.

நிற்கும்போது படபடப்பு வருகிறவர்கள் இன்னொன்றும் குறிக்கலாம். வீட்டில் பிபி பார்க்கும் கருவி இருந்தால், பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள். பிறகு சுவரில் தோள் சாய்த்துப் பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அது பாட்ஸ் என்ற கோளாறாக இருக்கலாம். 12 முதல் 19 வயது வரை இந்த எண் 40. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே படுத்துவிடுங்கள். மிகவும் முடியாமல் இருப்பவர்கள் இதை வீட்டில் செய்யவே வேண்டாம், இந்தச் சோதனையே அவர்களைச் சரித்துவிடும்.

மூன்றாம் படி: மற்றதை விலக்குவது

சிஎஃப்எஸ் இருக்கிறதா என்று சொல்லும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. பரிசோதனைகள் எல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். இதில் அலட்சியம் கூடாது, ஏனென்றால் களைப்புக்குக் காரணமான பல நோய்கள் எளிதாகக் குணமாகக்கூடியவை. முதலில் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு பெண் களைப்பு என்று சொன்னால் டாக்டர் முதலில் ஹீமோகுளோபினைப் பார்ப்பது நியாயம்தான்.

முதலில் பொது மருத்துவரிடம் போங்கள், எம்டி படித்த ஃபிசிஷியன் ஒருவர் போதும். வழக்கமாகப் பார்ப்பவை: முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்து இருப்புக்கு ஃபெரிட்டின், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்பதற்கு இஎஸ்ஆர், சிஆர்பி, தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், தசை நொதி சிகே, பி12, வைட்டமின் டி, சிறுநீர். கோதுமை ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய்க்கும் ஒரு சோதனை உண்டு. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம். இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும். குறட்டை பலமாக இருப்பவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். சில பிபி மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும் ஆளை அசத்தும்.

எடை காரணமில்லாமல் குறைவது, இரவில் வேர்த்து நனைவது, விடாத காய்ச்சல், மலத்தில் ரத்தம், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, கை கால் ஒரு பக்கம் பலவீனமாவது, இவற்றில் எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டு இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். நெஞ்சு வலியும் ஒரு பக்க பலவீனமும் திடீரென வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்தால் "உனக்கு ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார்" என்று அர்த்தம் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்த நோய்கள் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். இந்த இடத்தில்தான் பலர் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார்கள். போவதில் தப்பில்லை. மனச்சோர்வும் உண்மையான நோய்தான், நெடுநாள் படுத்திருப்பவருக்கு அது கூடவே சேர்ந்தும் வரலாம். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: நாளைக்கே உடம்பு சரியாகிவிட்டால் என்னென்ன செய்வீர்கள்? கடும் மனச்சோர்வில் இருப்பவருக்குப் பதில் சொல்லவே மனம் வராது. சிஎஃப்எஸ் நோயாளி மூச்சு விடாமல் பட்டியல் போடுவார்: வேலைக்குப் போவேன், மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன், பஸ்ஸில் ஏறி எங்கேயாவது போவேன். அவர்களிடம் ஆசைக்குப் பஞ்சமே இல்லை, உடம்புதான் இடம் கொடுக்காது.

எங்களை ஒரு டாக்டர் "நெனப்புதான் காரணம்" என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவர் நோட்டை வாங்கி ஐந்து நிமிடம் படித்தார். இந்த நோயைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது, படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னார். இரண்டாமவரைப் போன்ற ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். நிபுணர் கிடைப்பது அரிது, கேட்கத் தயாராக இருக்கும் ஒரு டாக்டர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நான்காம் படி: அளவறிந்து செலவழிப்பது

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இருப்பதில் உருப்படியான வழி பேசிங். அதாவது உடம்பில் இருக்கும் சக்திக்குள்ளேயே நாளை நடத்துவது, கிராஷ் வரும் எல்லைக்கு முன்பே நிறுத்திக்கொள்வது. எல்லையைத் தாண்டிச் செய்யும் வேலை கந்துவட்டிக் கடன் மாதிரி. வாங்கும்போது சுலபம், கட்டும்போது அசலைவிட வட்டி பெரிதாக நிற்கும். கட்டி முடிப்பதற்குள் இன்னொரு கடன் வாங்கினால் சிலருக்கு நோயே ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிடும்.

சொல்வது எளிது, செய்வது கஷ்டம். ஏனென்றால் ஆபத்து கெட்ட நாளில் இல்லை, நல்ல நாளில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் உடம்பு லேசாக இருந்தால், விட்டுப்போன வேலை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அலமாரி அடுக்கி, ஒட்டடை அடித்து, ஊறப்போட்ட அரிசியை ஆட்டி முடித்தால் இரண்டு நாள் கழித்துப் படுக்கைதான். நல்ல நாளிலும் நேற்றுச் செய்த அளவே செய்வது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லை எது என்று உங்கள் நோட்டுதான் சொல்லும்: கிராஷ் வராத நாட்களில் எவ்வளவு செய்தீர்களோ, அதைவிடக் கொஞ்சம் குறைவு.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது நிற்பது. நம் சமையலறைகள் நின்று வேலை செய்யக் கட்டியவை. அடுப்பு மேடை உயரத்துக்கு ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிப் போடுங்கள், தாளிப்பதைக்கூட உட்கார்ந்தே செய்யலாம். காய் நறுக்குவது ஒரு வேளை, சமைப்பது இன்னொரு வேளை. குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி வைத்து உட்கார்ந்து குளியுங்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம், ரத்தக் குழாய்கள் விரிந்து கிறுகிறுப்பு கூடும். நீண்ட முடியை அலசிக் காயவைப்பது எவ்வளவு பெரிய செலவு என்று ஆண்களுக்குப் புரியாது. தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. துணி காயப்போட மொட்டை மாடி ஏறுவதை வேறு யாரிடமாவது விடுங்கள். எதுவானாலும் செய்து களைத்த பிறகு ஓய்வு என்பதைவிட, களைப்பதற்கு முன்பே ஓய்வு என்பதுதான் முறை. பதினைந்து நிமிட வேலை, பிறகு கண்ணை மூடிப் படுத்தல். போனைப் பார்த்துக்கொண்டு படுப்பது ஓய்வில் சேராது.

துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் அது நல்ல காவல். காலையில் படுத்தபடி இருக்கும் துடிப்பைச் சில நாள் பார்த்துச் சராசரி எடுத்து, அதற்கு மேல் 15 வரை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அது தாண்டினால் உட்கார்ந்துவிடுவது பல நோயாளிகள் கடைப்பிடிக்கும் கணக்கு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இனி உடற்பயிற்சி விஷயம். "தினமும் வாக்கிங் போ, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, சரியாகிவிடும்" என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. டாக்டர்களும் பல வருடம் இதைத்தான் சொன்னார்கள். 2011-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பேஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் சிபிடி என்ற மனப்பயிற்சியும் பலன் தருவதாகச் சொன்னது. நோயாளிகள் கொதித்தார்கள், ஆய்வின் அளவுகோல் நடுவில் மாற்றப்பட்டதை எடுத்துக் காட்டினார்கள், தரவைக் கேட்டு வழக்காடினார்கள். 2007-ல் அந்தப் பயிற்சியைப் பரிந்துரைத்த அதே நைஸ் அமைப்பு 2021-ல் அதைச் செய்யாதீர்கள் என்று மாற்றி எழுதியது. சிபிடியை நோயோடு வாழத் துணையாகக் கொள்ளலாம், குணப்படுத்தும் சிகிச்சையாகச் சொல்லாதீர்கள் என்றும் சேர்த்தது. எனவே யாராவது சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று என்று ஆரம்பித்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். யோகா கெட்டது என்று நான் சொல்லவில்லை. படுத்தபடி மூச்சைக் கவனிப்பது சிலருக்கு இதமாக இருக்கிறது. கிராஷ் வருகிறதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் உரைகல்.

ஐந்தாம் படி: தீர்க்கக்கூடியதைத் தீர்ப்பது

அடிப்படை நோய்க்கு மருந்து இல்லை என்பதால் எதற்குமே மருந்து இல்லை என்றாகாது. தூக்கம், வலி, வயிற்றுக் கோளாறு, பாட்ஸ் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு, ஒன்று குறைந்தாலும் நாள் சற்று லேசாகும். பாட்ஸ் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் உப்பும் கூட்டுவது, காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, தேவைப்பட்டால் மருந்து. உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் வினையாகிவிடும். இந்த நோயாளிகளில் பலருக்கு மருந்து சற்று அதிகமாகவே வேலை செய்யும், அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு புது மருந்து வேண்டாம், எது ஒத்துக்கொண்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் நோயாளி வீடு என்று தெரிந்தால் பவுடர், லேகியம், காந்தப் படுக்கை என்று ஆள் ஆளாக வருவார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வாயில் போட வேண்டாம். விஞ்ஞானிகளே ஏமாந்த கதை உண்டு. 2009-ல் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ்தான் காரணம் என்று சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது, சில நோயாளிகள் எச்ஐவி மருந்துகூடச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கலப்படம் என்று தெரிந்து 2011-ல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது.

ஆறாம் படி: வீட்டாரும் வேலையும்

"பார்த்தா நல்லாத்தானே இருக்கே", "விளக்கு வைக்கிற நேரத்துல படுக்காதே", "எங்களுக்கெல்லாம் டயர்டே வராதா". இதற்கெல்லாம் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்வதும் செலவுதான். வீட்டில் ஒருவர் அந்த வேலையை ஏற்றுக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அம்மா ஏற்றுக்கொண்டார். "அவளுக்கு டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், நீங்க காபி சாப்பிடுங்க" என்று கூடத்திலேயே உட்காரவைத்துவிடுவார். பாதிப் பொய்தான், ஆனால் நன்றாக வேலை செய்தது.

நல்ல நாளில் மட்டும்தான் நோயாளி வெளியில் தெரிவார் என்பதை வீட்டார் மறக்கக் கூடாது. விசேஷத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை அடுத்த மூன்று நாள் யாரும் பார்ப்பதில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து வேலை, வேலை நேரக் குறைப்பு, பயணமில்லாத பிரிவு என்று குறிப்பாகக் கேளுங்கள், கையில் டாக்டர் கடிதம் இருக்கட்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அதில் சிஎஃப்எஸ் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதனால் சான்றிதழ் வாங்குவது கடினம். நிர்வாகத்தோடு பேசித் தீர்ப்பதே நடைமுறை வழி. மாணவர்களுக்கு விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கும், அரைநாள் பள்ளியும், தேர்வில் கூடுதல் நேரமும் கேட்டுப் பார்க்கலாம். சிறுவர்கள் தேறும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம், அதனால் ஒரு வருடப் படிப்பு பின்தங்கினாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். பெரியவர்களில் முழுக்கப் பழையபடி ஆகிறவர்கள் குறைவு, ஆனால் பேசிங்கை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டவர்களில் பலர் ஓரளவு நிலைப்படுகிறார்கள்.

நோயாளிகளில் குறைந்தது நான்கில் ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்குகிறார் என்கிறது சிடிசி. அந்த நிலையில் வைத்தியமே வேறு. இருட்டிய அறை, காதுக்கு அடைப்பான், ஊதுவத்தியும் கொசுவத்தியும் தாளிக்கும் நெடியும் எட்டாத இடம். பேச வேண்டியதை ஆமாம், இல்லை என்று விரல் அசைவில் முடியும்படி கேளுங்கள். படுக்கை விரிப்பு மாற்றுவதையும் முடி வாருவதையும் ஒரே நேரத்தில் செய்யாமல் பிரித்துச் செய்யுங்கள். விழுங்க முடியாமல் போனாலோ எடை இறங்கினாலோ டாக்டரை வீட்டுக்கு அழைக்கப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பயணமும் அங்குள்ள குழல் விளக்கும் இரைச்சலுமே பெரிய சரிவைக் கொண்டுவரும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணுக்குத் துணி, காதுக்குப் பஞ்சு, படுத்தபடியே பயணம், ஓரமான படுக்கை என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நோயின் பெயர் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டும் பழக்கம் வந்துவிடும், நமக்கும் சரி, டாக்டருக்கும் சரி. அதைத் தவிருங்கள். மாதவிடாய் திடீரென்று அதிகமானால் அது தனி. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு இறுக்கினால் அது இதயம்தான் என்று எடுத்துக்கொண்டு ஈசிஜி எடுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். பெரியவர்கள் வருடத்துக்கு ஒருமுறையும் சிறுவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் நோட்டோடு போய் டாக்டரைப் பார்த்து, புதிதாக வந்த அறிகுறிகளைத் தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.